ஆர்.என்.எஸ். கருவி ஒரு நாளில் 900 தடவை ‘கண்டறிந்தது’ என்றால் 900 வலிப்பா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்கு வலிப்புக்காக, மூளை அலையைக் கவனித்து மின்தூண்டல் தரும் ஆர்.என்.எஸ். கருவி வைத்திருக்கிறார்கள். நாளுக்கு 900 தடவை கண்டறிந்ததாகக் காட்டுகிறதாம். தை மாதம் மன்னார்குடி வருகிறார். பயமாக இருக்கிறது.

பதில்: 900 வலிப்பு இல்லை, பயப்படாதீர்கள். நாளுக்குப் பல நூறு, சிலருக்கு ஆயிரத்துக்கு மேலும் வருவது இந்தக் கருவியில் வழக்கம். டாக்டர் அமைத்துக் கொடுத்த அலை வடிவத்தைத்தான் அது தேடுகிறது. அப்படி அகப்படுபவற்றில் பெரும்பாலானவை வெளியே தெரியாத சின்னச் சின்ன மூளை அலைத் துடிப்புகள்.

மண்டையோட்டில் பதித்த பெட்டியோடு இரண்டு லீடுகள், அதாவது மூளைக்குப் போகும் மெல்லிய கம்பிகள், இணைந்திருக்கும். ஒவ்வொன்றிலும் நான்கு மின்முனைகள். மூளை அலையை நொடிக்கு 250 தடவை அளக்கும். ‘லைன் லென்த்’ என்ற கணக்கு, அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையேயான வித்தியாசங்களைக் கூட்டுவது. அலை உயர்ந்தாலும் கூட்டல் ஏறும், வேகமாகத் துடித்தாலும் ஏறும். இப்போதைய கூட்டலைச் சற்று முந்தைய நேரத்துச் சராசரியோடு ஒப்பிடும். மதகடியில் நிற்பவர் காலையில் இருந்ததற்கு இப்போது தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பாரே, அதே வேலைதான். அந்த ஏற்றம் டாக்டர் வைத்த எல்லையைத் தாண்டினால் பொதுவாக 100 மில்லிநொடி அளவில் மின்தூண்டல்.

எல்லையைத் தாழ்த்தி வைத்தால் தூக்கத்து அலைகளும் அகப்படும், பேட்டரி வீணாகும். உயர்த்தினால் வலிப்பு பரவிய பிறகே பிடிக்கும். லீடுக்குத் தொலைவில் தொடங்கும் வலிப்பு தப்பியும் போகலாம்.

அதனால் வீட்டார் குறித்துத் தருவதுதான் டாக்டருக்கு உரைகல். வலிப்பு வந்தால், கருவியோடு கொடுத்த காந்தத்தைக் கருவி இருக்கும் இடத்தின் மேல் ஒரு நொடி வைத்து எடுங்கள். அந்த நேரத்துப் பதிவு சேமிக்கப்படும். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் தூண்டல் நின்றுவிடும், இந்தத் தவறு பலருக்கும் நடக்கிறது. நேரத்தைச் செல்போன் பார்த்து எழுதுங்கள்: “6.40, இடது கை இழுத்தது, 2 நிமிடம்.” கருவியில் இடம் குறைவு, பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். டாக்டர் சொன்ன இடைவெளியில் தரவை அனுப்பத் தவறாதீர்கள். இங்கே கரண்ட் போகும் என்பதால் தரவு அனுப்பும் லேப்டாப்பில் சார்ஜ் இருக்கட்டும்.

முதுகுவலிக்கு பிசியோதெரபி போனால் டயாதெர்மி (மின் அலையால் உள்ளே சூடேற்றும் சிகிச்சை) கூடவே கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் முதலில் கருவி அட்டையைக் காட்டுங்கள். மாடலைப் பொறுத்தே எடுக்கலாமா என்று முடிவாகும். மாத்திரையை நிறுத்தக் கூடாது.

பாமணி ஆற்றிலோ குளத்திலோ தனியாகக் குளிக்க விடாதீர்கள். வலிப்பு வந்தால் கையில் சாவி திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.