ஊசி போட்டும் கண்ணில் நீர் வற்றவில்லை: ஒளிச் சிகிச்சையும் சேர்த்துச் செய்யலாமா?

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு வயது 66. அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சில மாதங்களுக்கு முன் இடது கண்ணில் நடுவில் கறுப்புத் திட்டு தெரிவதாகவும், வாசல் நிலை வளைந்து தெரிவதாகவும் சொன்னார். விழித்திரைக்கு அடியில் நீரும் ரத்தமும் கசிந்திருக்கிறது என்று மாதம் ஒன்றாக ஐந்து ஊசி கண்ணுக்குள் போட்டார்கள். ரத்தம் குறைந்தது, நீர் வற்றவில்லை. இப்போது கையில் பச்சைச் சாயம் ஏற்றிப் படம் எடுத்துவிட்டு, "பாலிப் இருக்கிறது, பி.டி.டி லேசரும் ஊசியும் சேர்த்துச் செய்யலாம்" என்கிறார்கள். அதன் பிறகு ஐந்து நாள் வெயிலே படக் கூடாதாம். என் சித்தப்பாவுக்குச் சர்க்கரை நோயால் கண்ணில் லேசர் செய்தார்கள், பார்வை திரும்பவில்லை. அதனால் அப்பா லேசர் என்றாலே பயப்படுகிறார். இந்தச் சிகிச்சை தேவைதானா? செய்தால் ஊசியை நிறுத்திவிடலாமா? வெயில் படாமல் இருப்பது எங்கள் ஊரில் நடக்கிற காரியமா? அடுத்த கண்ணுக்கும் வருமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: முதலில் அப்பாவின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவுக்குச் செய்த லேசருக்கும் அப்பாவுக்குச் சொல்லியிருக்கும் லேசருக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். சர்க்கரை நோயில் பொதுவாகச் செய்வது சூட்டு லேசர். விழித்திரையின் ஓரப் பகுதிகளில் நூற்றுக்கணக்கில் சிறு சூடுகள் வைப்பார்கள். இருக்கிற பார்வை போகாமல் காப்பதற்காக அதைச் செய்கிறார்கள். போன பார்வையை அது கொண்டுவராது. இதைச் செய்வதற்கு முன்பே யாராவது சித்தப்பாவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தால் உங்கள் வீட்டில் லேசருக்கு இந்தக் கெட்ட பெயர் வந்திருக்காது.

பி.டி.டி என்கிற ஒளிச் சிகிச்சையில் விழும் ஒளி எதையும் சுடுவதில்லை. 689 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட சிவப்பு ஒளி அது. தனியாக அதைக் கண்ணில் பாய்ச்சினால் விழித்திரைக்கு ஒன்றும் ஆகாது. வேலையைச் செய்வது கையில் நரம்பு வழியாக ஏற்றும் வெர்ட்டிபோர்ஃபின் என்ற கரும்பச்சை மருந்து. அது ரத்தத்தில் கலந்து, கண்ணில் புதிதாக முளைத்த கோளாறான ரத்தக் குழாய்களின் உட்சுவரில் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். ஒளி பட்ட இடத்தில் மட்டும் அது விழித்துக்கொண்டு, வீரியமான ஒருவகை ஆக்ஸிஜனை உண்டாக்கும். அந்த ஆக்ஸிஜன் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்க, உள்ளே ரத்தம் உறைந்து குழாய் அடைபடும். மேலே இருக்கும் விழித்திரை பெரும்பாலும் தப்பிவிடும். அப்பாவின் நோய் பார்வையின் மையத்துக்கு அடியில் இருக்கிறது. அங்கே சூட்டு லேசர் வைத்தால் பார்க்கும் இடமே வெந்துபோகும். அதனால்தான் இந்தச் சுற்று வழி.

இனி அந்தப் பாலிப். வயிறு, குடல் என்று கேள்விப்பட்ட சொல் என்பதால் புற்றுநோயோ என்று வீட்டில் யாராவது பயந்திருந்தால், அந்தப் பயம் வேண்டாம். விழித்திரைக்கு அடியில் கோராய்டு என்றொரு ரத்தக் குழாய்ப் படலம் இருக்கிறது. அங்கிருந்து கிளைவிடும் கோளாறான குழாய்களின் நுனி, பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைப்பதுபோல, சிறு மொட்டாக வீங்கும். அந்த மொட்டுகள்தான் பாலிப். அவற்றின் சுவர் மெலிந்திருப்பதால் நீர் கசியும், சில நேரம் வெடித்து ரத்தமும் கொட்டும். 'பாலிபாய்டல் கோராய்டல் வாஸ்குலோபதி' என்று நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் பி.சி.வி என்போம். அமெரிக்கக் கண் மருத்துவர் லாரன்ஸ் யனூஸி 1982-இல் இதைத் தனி நோயாக எடுத்துக்காட்டினார். ஆனால் இது ஆசியர்களிடம்தான் அதிகம். முதுமையில் வரும் ஈர வகை மாக்குலா சிதைவு (விழித்திரையின் மையப் பகுதியான மாக்குலா, அடியில் நீரும் ரத்தமும் கசிந்து கெடுவது) என்று முத்திரை விழுந்த ஆசிய நோயாளிகளைப் பச்சைச் சாயம் ஏற்றிச் சோதித்தால், ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டாலும், கால் பங்கிலிருந்து பாதிப் பேர் வரை பி.சி.வி-யாகத் தெரிகிறார்கள்.

அந்தச் சாயத்தின் பெயர் இண்டோசயனின் கிரீன். நாங்கள் ஐ.சி.ஜி என்போம். வழக்கமான மஞ்சள் சாயப் படத்தில் பாலிப் பல நேரம் மறைந்துகொள்ளும். விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படம்பிடிக்கும் ஓ.சி.டி ஸ்கேனில் சந்தேகப்படலாம், உறுதி செய்வது ஐ.சி.ஜி. ஆகவே ஐந்து ஊசிக்குப் பிறகும் நீர் நிற்கிறதே என்று உங்கள் மருத்துவர் இந்தப் படத்தை எடுத்தது சரியான நடவடிக்கை. இதை எடுக்காமலே பத்து, பன்னிரண்டு என்று ஊசி எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும் நோயாளிகளைப் பார்க்கிறேன்; அதுதான் எனக்கு வருத்தம்.

ஊசி ஏன் போதவில்லை? கண்ணில் ஆக்ஸிஜன் குறைந்தால் வி.இ.ஜி.எஃப் என்ற புரதம் சுரந்து, புதிய குழாய்களை வளர்த்து, அவற்றைக் கசியவும் வைக்கிறது. பெவாசிஸுமாப், ரானிபிஸுமாப், அஃப்லிபர்செப்ட் எல்லாம் இந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் மருந்துகள். கசிவு குறையும், வீக்கம் வடியும். ஆனால் ஏற்கெனவே புடைத்து நிற்கும் பாலிபை மூடுவதில் இவை சற்று மந்தம். ஒளிச் சிகிச்சை பாலிபை நேராக அடைக்கும், ஆனால் அதற்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. குழாய்கள் அடைபட்டதும் அந்த இடத்தில் ஆக்ஸிஜன் குறைந்து வி.இ.ஜி.எஃப் மறுபடி ஏறும், ஓரிரு நாள் வீக்கமும் கூடும். அதை அடக்க ஊசி தேவை. அதனால்தான் இரண்டையும் சேர்க்கிறோம். ஊசி தோற்றுவிட்டது, லேசருக்குப் போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லாதீர்கள். ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது.

எல்லாக் கண்ணுக்கும் இந்தச் சேர்க்கை பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2000-இல் வெர்ட்டிபோர்ஃபின் அனுமதி பெற்றபோது ஈர வகை மாக்குலா சிதைவுக்கு அதுவே பெரிய நம்பிக்கை. 2006-இல் ரானிபிஸுமாப் வந்ததும் நிலைமை தலைகீழானது. ஒளிச் சிகிச்சை பார்வை போவதைத் தாமதப்படுத்தியது, ஊசியோ பலருக்குப் பார்வையைக் கூட்டித் தந்தது. சரி, இரண்டையும் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று டெனாலி, மான் பிளாங்க் என்ற இரு ஆய்வுகளில் சோதித்தார்கள். சாதாரண மாக்குலா சிதைவில் சேர்க்கையால் கூடுதல் லாபம் எதுவும் தெரியவில்லை. எனவே பாலிப் இல்லாத கண்ணுக்கு யாராவது இதைப் பரிந்துரைத்தால், ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சர்க்கரை நோயின் விழித்திரைப் பாதிப்புக்கும் இது மருந்தல்ல.

பி.சி.வி-யில் கதை வேறு. எவரெஸ்ட் 2 என்ற ஆய்வில் 322 ஆசிய நோயாளிகளை எடுத்து, பாதிப் பேருக்கு ரானிபிஸுமாப் ஊசி மட்டும், பாதிப் பேருக்கு ஊசியோடு ஒளிச் சிகிச்சையும் கொடுத்தார்கள். ஓராண்டில் பாலிப் முழுவதும் மூடியது ஊசிக் குழுவில் நூற்றுக்கு 35 பேருக்கு, சேர்க்கைக் குழுவில் நூற்றுக்கு 69 பேருக்கு. பார்வைப் பலகையில் முதல் குழு ஏறத்தாழ 5 எழுத்தும், இரண்டாவது குழு 8 எழுத்தும் கூடுதலாகப் படித்தது. (அந்தப் பலகையில் ஒரு வரி என்பது 5 எழுத்து. ஆக வித்தியாசம் ஒரு வரிகூட இல்லை. இதையும் சொல்வதுதான் நியாயம்.) என் கண்ணில் பட்ட பெரிய பலன் வேறு: இரண்டு ஆண்டு முடிவில், ஊசி மட்டும் போட்டவர்களுக்கு நடுத்தரமாக 12 ஊசி ஆகியிருந்தது, சேர்க்கைக் குழுவுக்கு 6. தென்காசியிலிருந்து ஒவ்வொரு ஊசிக்கும் துணைக்கு ஓர் ஆளோடு மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போய்வரும் குடும்பத்துக்கு இந்தப் பாதி பெரிய விஷயம்.

எதிர்த்தரப்பு வாதமும் இருக்கிறது. பிளானெட் என்ற ஆய்வில் எல்லோருக்கும் முதலில் அஃப்லிபர்செப்ட் போட்டுவிட்டு, அது போதாதவர்களுக்கு மட்டும் ஒரு குழுவில் ஒளிச் சிகிச்சை சேர்த்தார்கள். இரு குழுவுமே ஏறத்தாழ 11 எழுத்து முன்னேறின. கூடுதல் சிகிச்சை தேவை என்ற நிலைக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 15 பேருக்கும் குறைவு. அதனால் பி.சி.வி என்று தெரிந்தவுடனே இரண்டையும் செய்வதா, ஊசியில் தொடங்கிப் பார்ப்பதா என்பதில் விழித்திரை மருத்துவர்களுக்குள் இன்றும் இரு கருத்து உண்டு. உங்கள் அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். ஐந்து ஊசி போட்டும் நீர் நிற்கிறது, பாலிபும் படத்தில் தெரிகிறது. இந்த நிலையில் சேர்க்கைச் சிகிச்சை நியாயமான யோசனை என்றே நானும் சொல்வேன். ஒன்றை மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்: இதுவரை போட்டது எந்த மருந்து? பெவாசிஸுமாப் என்றால், அஃப்லிபர்செப்ட் அல்லது ஃபேரிசிமாப் போன்றதற்கு மாற்றிப் பார்ப்பதும் ஒரு வழி. பாலிப் எங்கே இருக்கிறது, எத்தனை, பார்வை இப்போது எவ்வளவு என்பதையெல்லாம் படத்தைப் பார்த்தவர்தான் எடைபோட முடியும்.

சிகிச்சை நாளில் நடப்பது இவ்வளவுதான். உயரமும் எடையும் அளப்பார்கள், மருந்தின் அளவு அதை வைத்துத்தான். முழங்கைப் பக்கம் பெரிய நரம்பாகப் பார்த்து ஊசி குத்தி, பத்து நிமிடத்தில் மருந்தை ஏற்றுவார்கள். ஏறும்போது கையில் எரிச்சலோ வீக்கமோ இருந்தால் அப்பா வாயைத் திறந்து சொல்ல வேண்டும். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் அந்த இடம் புண்ணாகும். சிலருக்கு ஏறும் நேரத்தில் முதுகு வலிக்கும், முடிந்ததும் போய்விடும். ஏற்றத் தொடங்கிய 15-ஆவது நிமிடத்தில், மரத்துப்போகும் சொட்டு விட்டு, கண்ணின் மேல் ஒரு லென்ஸ் வைத்து, 83 விநாடி ஒளி பாய்ச்சுவார்கள். வலிக்காது. கண் ஊசியைச் சில மருத்துவமனைகளில் அன்றே போடுவார்கள், சிலவற்றில் சில நாள் இடைவெளியில்.

இப்போது வெயில். மருந்து கண்ணில் மட்டும் இல்லை, சில நாள் தோலிலும் இருக்கும். வெயில் பட்டால் தோல் வெந்துபோகும், இது சும்மா சொல்லும் எச்சரிக்கை அல்ல. முதல் 48 மணி நேரம் மிகக் கவனம் தேவை. உங்கள் மருத்துவமனை ஐந்து நாள் என்று சொல்லியிருந்தால் ஐந்து நாளும் கடைப்பிடியுங்கள். ஆனால் அறையை இருட்டாக்கிப் படுக்கவைக்க வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் சாதாரண வெளிச்சம் நல்லது, தோலில் தங்கிய மருந்தை அது மெல்ல மெல்லச் செயலிழக்கவைக்கும். டி.வி பார்க்கலாம், டியூப்லைட் எரியலாம். நேர் வெயில் விழும் ஜன்னல் ஓரம், திண்ணை, முற்றம் வேண்டாம். பளிச்சென்ற ஹாலஜன் விளக்கின் அருகிலும் உட்கார வேண்டாம். சன்ஸ்கிரீன் தடவினால் போதும் என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். அது புற ஊதாக் கதிரைத் தடுக்கும், இந்த மருந்தைத் தூண்டும் ஒளியைத் தடுக்காது.

உண்மையான சிக்கல் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவது. முடிந்தால் பிற்பகல் நேரம் வாங்கி, பொழுது சாய்ந்தபின் கிளம்புங்கள். பகலில்தான் வர வேண்டும் என்றால் முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை மூடும் வேட்டி அல்லது பேன்ட், காலுறை, கையுறை, அகன்ற தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தைச் சுற்றித் துண்டு. பைக்கில் கூட்டிவர வேண்டாம். காரிலும் வெயில் விழாத பக்கம் உட்காரவையுங்கள். அந்த நாட்களில் பல் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுங்கள், அந்த விளக்கும் ஆகாது. ஏதாவது அவசர அறுவைச் சிகிச்சை வந்தால் இந்த மருந்து ஏற்றியிருப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

போர்ஃபைரியா என்ற அரிய நோய் உள்ளவர்களுக்கு இந்த மருந்து கூடவே கூடாது. கல்லீரல் கோளாறு இருந்தாலும், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தாலும் முன்கூட்டிச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒளிச் சிகிச்சைக்குப் பிறகு முதல் வாரத்தில் பார்வை திடீரென்று வெகுவாகக் குறைவது நூறில் ஓரிருவருக்கு நேரலாம், சிலருக்கு ரத்தக் கசிவும் வரலாம். ஊசி போட்ட பின் கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கினால் கிருமித் தொற்றாக இருக்கலாம். மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே போங்கள்.

ஊசியை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது, ஆனால் இடைவெளி நீளலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி ஐ.சி.ஜி எடுத்துப் பாலிப் மூடியதா என்று பார்ப்பார்கள். மூடிய பாலிபும் ஆண்டுகள் கழித்துத் திரும்ப வரலாம் என்பதால் ஓ.சி.டி பரிசோதனையை விடக் கூடாது.

செலவு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். அதில் பெரும்பங்கு வெர்ட்டிபோர்ஃபின் குப்பிக்குத்தான். 2021 முதல் உலக அளவிலேயே அதற்குத் தட்டுப்பாடு வந்து போகிறது. அதனால் தேதி குறிக்கும் முன் மருந்து கையில் இருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்கத் தாமதமானால் அதுவரை ஊசியை விடாமல் தொடரச் சொல்லுங்கள்.

அடுத்த கண்ணுக்கு வரலாம், கட்டாயம் வரும் என்றில்லை. அப்பாவை வாரம் இருமுறை, கண்ணாடி போட்டபடி, இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி நெளிந்தாலோ நடுவில் நிழல் விழுந்தாலோ அந்த வாரமே காட்டுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்த்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடட்டும். ஓட்டுநராக இருந்த நாளிலிருந்து பீடி, சிகரெட் பழக்கம் ஒட்டியிருந்தால், சிகிச்சைத் தேதிக்குக் காத்திராமல் இன்றே விடச் சொல்லுங்கள்.