மூன்று மாத சராசரி 7.8, வீட்டு மீட்டரில் 115: எதை நம்புவது?

கேள்வி: அம்மாவுக்கு 47 வயது. எட்டு வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். வீட்டில் பார்த்தால் வெறும் வயிற்றில் 115, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 150, 155. ஆனால் மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.8 வந்திருக்கிறது. ஹீமோகுளோபின் 8.6. கால் விரல்களில் மதமதப்பும் உண்டு. இன்னொரு மாத்திரை சேர்க்கலாம் என்கிறார் டாக்டர். சேர்க்கலாமா?

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஹீமோகுளோபின் 8.6, அதாவது ரத்தசோகைதான், என் கண்ணில் முதலில் பட்டது.

ஹெச்பிஏ1சி 7.8 என்றால் சராசரி சுகர் கிட்டத்தட்ட 177 இருக்க வேண்டும். மீட்டர் அப்படிச் சொல்லவில்லை. இந்தப் பரிசோதனை சுகரை நேராக அளப்பதில்லை. சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். இரும்புச்சத்து குறைந்தால் புது அணுக்கள் வருவது மந்தமாகும். ரத்தத்தில் பழைய அணுக்களின் பங்கு கூடும். அவற்றில் சர்க்கரை அதிகம் ஒட்டியிருக்கும். சுகர் ஏறாமலேயே எண் ஏறிவிடும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் சமீபத்தில் ரத்தம் ஏற்றியவர்களுக்கும் பெரும்பாலும் இது தலைகீழ்: எண் பொய்யாகக் குறைந்து காட்டும்.

பி12 குறைபாடும் எண்ணை ஏற்றிவிடும். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறைவது உண்டு. கால் மதமதப்பை உடனே சுகர் கணக்கில் எழுதிவிடுகிறோம், ஆனால் பி12 குறைந்தாலும் அதே மதமதப்புதான் வரும். இதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஆகவே ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12 இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரிப்போர்ட்டில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) நார்மல் என்று போட்டிருந்தாலும் விட்டுவிட வேண்டாம். இரும்பு குறைந்தால் அணு சிறுக்கும், பி12 குறைந்தால் பெரிதாகும்; இரண்டும் சேர்ந்து குறைந்தால் சராசரி நடுவில் வந்து நிற்கும். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் ஏறிக் காட்டும் என்பதால் அப்போது எடுக்காதீர்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்றும் அம்மாவிடம் கேளுங்கள். இந்த வயதில் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சரி, மீட்டரை மட்டும் நம்பலாமா? அதுவும் முழுசாக இல்லை. காலை இட்லிக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள். நீங்கள் பார்க்காத நேரத்தில் 220 தொடுகிறதோ என்னவோ. கூடவே ஃப்ரக்டோசமைன் எடுக்கலாம். அது ரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது, கடைசி இரண்டு மூன்று வாரக் கணக்கு, சிவப்பணுவைச் சார்ந்ததல்ல. ஆல்புமின் மிகவும் குறைந்தவர்களுக்கு மட்டும் அது உதவாது.

இதெல்லாம் தெரிவதற்குள் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைச் சேர்த்தால், உண்மையில் 115-ல் இருக்கும் சுகர் விடியற்காலையில் 60-க்கு இறங்கும் அபாயம் இருக்கிறது. டாக்டரிடம் மீட்டர் குறிப்பையும் ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டையும் ஒன்றாக வைத்துக் காட்டுங்கள்.

அப்புறம், சுகர் உள்ளவர்களின் சிறுநீரகத்தைப் பார்க்க ரத்தத்தில் கிரியாட்டினின் மட்டும் போதாது. பாதிப்பு கணிசமாக ஆன பிறகுதான் அது ஏறும். வருடம் ஒருமுறை ஈஜிஎஃப்ஆரும் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதமும் வேண்டும். விகிதம் 30-ஐத் தாண்டினால் மறுபடி எடுத்து உறுதி செய்ய வேண்டும்.

இரும்பு மாத்திரை தொடங்கியதும் புது அணுக்கள் நிறைய வந்து ஹெச்பிஏ1சி சட்டென்று இறங்கும். அதைப் பார்த்து சந்தோஷப்பட வேண்டாம்; ஹீமோகுளோபின் நிலைப்பட்டு மூன்று மாதம் கழித்து எடுங்கள்.