கிளவுஸில் பெயர் எழுதியாச்சா?

கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. அமெரிக்காவிலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் பேஸ்பால் கேம்ப் பற்றியவை. பல வருடமாக ஒரு கோடை கேம்ப்பின் பதிவு மேசையில் உட்காருகிறவள் என்பதால் ஆசிரியர் மொத்தக் கட்டையும் என்னிடமே தள்ளிவிட்டார்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. அப்பாவோடு வீட்டுக்குப் பின்னால் கிரிக்கெட் ஆடுவான், பேஸ்பாலைத் தொட்டதே இல்லை. ஜூலையில் ஒரு வாரம், காலை 9 முதல் 3 மணி வரை, டே கேம்ப்பில் சேர்த்திருக்கிறோம். கடையில் மட்டை, ஹெல்மெட், கிளீட்ஸ் (அடியில் குமிழ் வைத்த ஷூ), பை என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். என்ன வாங்குவது? என் கணவர் தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் பயிற்சி கொடுத்தே தீருவேன் என்கிறார். மாமியாரோ ஊரிலிருந்து போன் போட்டு, "இந்த வெயிலிலயா பிள்ளையை விடுறீங்க?" என்று கேட்கிறார்.

பதில்: உங்கள் வீட்டில் விஷயத்தைச் சரியாகப் பிடித்திருப்பவர் மாமியார்தான். கேம்ப்பில் முதலுதவி அறைக்கு வருகிற பிள்ளைகளில் பலர் பந்து பட்டு வருவதில்லை. தலைவலி, வயிற்றைப் புரட்டுகிறது, மயக்கமாக இருக்கிறது என்று வருகிறார்கள். விசாரித்தால் காலையிலிருந்து தண்ணீர் குடித்திருக்க மாட்டார்கள். பாட்டில் நிறைய அப்படியே இருக்கும்.

9 முதல் 12 வயதுள்ள பிள்ளைகள் விளையாடும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லி வரை குடிக்கலாம் என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. உங்கள் மகன் இன்னும் சின்னவன், அதில் குறைந்த அளவை வைத்துக்கொள்ளுங்கள். மில்லி கணக்கெல்லாம் அவனுக்கு வேண்டாம். "கோச் தண்ணி பிரேக்னு சொன்னா, தாகம் இல்லாட்டியும் நாலு மடக்கு" என்று பழக்கிவிட்டால் போதும். பாட்டில் பெரியதாக இருக்கட்டும். பாதி ஐஸ் போட்டுக் கொடுங்கள். கலர் கலரான விளையாட்டு பானம் தேவையில்லை.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல் வாங்குங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தடவிவிட வேண்டும், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. நம் நிறத்துக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம் தோலும் வெந்து போகும், வெளியே தெரிய நேரமாகும், அவ்வளவுதான். எல்லாரும் விட்டுவிடுகிற இடங்கள் காது மடல், பின்கழுத்து, முழங்காலின் பின்பக்கம். பல கேம்ப்களில் ஊழியர்கள் பிள்ளைகளுக்குத் தடவிவிட மாட்டார்கள், அல்லது நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால்தான் தடவுவார்கள். ஆகவே அவனே தடவப் பழகட்டும். கண்ணாடி முன்னால் நிறுத்தி இரண்டு நாள் செய்யச் சொன்னால் வந்துவிடும். கையை மட்டும் நன்றாகத் துடைக்கச் சொல்லுங்கள், பிசுபிசுப்போடு மட்டையைப் பிடித்தால் வழுக்கும்.

இனி கடை. மட்டையும் ஹெல்மெட்டும் பெரும்பாலான கேம்ப்களில் அவர்களே தருவார்கள். வாங்குவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். மட்டை கொண்டு வரத்தான் வேண்டும் என்றால், அதில் 'யூ.எஸ்.ஏ. பேஸ்பால்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2018 முதல் லிட்டில் லீக் போன்ற சிறுவர் ஆட்டங்களில் அந்த முத்திரையைக் கேட்கிறார்கள். நீளம் சரியா என்று பார்க்க, ஒற்றைக் கையால் மட்டையைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்திலேயே கை தொங்கிப் போனால் அது அவனுக்குக் கனம்.

கிளீட்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பிடிமானமுள்ள ஷூ போதும். வாங்கினால் ரப்பர் குமிழ் வைத்தது வாங்குங்கள். இரும்பு குமிழ் சின்னப் பிள்ளைகளுக்குக் கூடாது. தொடை நடுவில் அடிபடாமல் காக்க உள்ளே அணிகிற 'கப்' வேண்டுமா என்று கேட்க அம்மாக்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். மட்டையடிப்பவனுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கக் கேட்சராக உட்காரும் பையனுக்கு அது கட்டாயம்.

காசு போட வேண்டியது கிளவுஸுக்கு மட்டும். எட்டு வயதுக்குப் பத்தரை, பதினொன்று அங்குலம் சரியாக இருக்கும். வளர்ந்தாலும் போட்டுக்கொள்வான் என்று பெரிய அளவில் வாங்குவது தீபாவளிச் சட்டைக்குச் சரி, கிளவுஸுக்கு ஆகாது. கடையிலேயே போட்டு, தன் கையால் அதை மூட முடிகிறதா என்று பாருங்கள். மூட முடியாத கிளவுஸ் வெறும் தட்டு, பந்து பட்டுத் தெறித்துவிடும். புதுத் தோல் விறைப்பாக இருக்கும். கிளவுஸுக்கென்று விற்கும் எண்ணெயைக் கொஞ்சமாகத் தடவி, நடுக்குழியில் பந்தை வைத்து மடக்கிக் கட்டி ராத்திரி வையுங்கள். பகலில் அதைப் போட்டுக்கொண்டு பிடித்துப் பிடித்து ஆடினால்தான் உண்மையில் இளகும். கேம்ப்புக்கு முதல் நாள் வாங்காதீர்கள். யாரோ சொன்னார்கள் என்று மைக்ரோவேவில் வைக்கவும் வேண்டாம்.

வாங்கியதும் அழியாத மையில் பெயர் எழுதுங்கள். எங்கள் மேசைக்குக் கீழே தொலைந்த பொருள் பெட்டி ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதைத் திறந்தால் ஒரே கம்பெனி, ஒரே பழுப்பு நிறம், பெயரில்லாத கிளவுஸ்கள். பிள்ளைகள் குனிந்து ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பார்கள், தன்னுடையது எது என்று கண்டுபிடிக்க. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே மோந்து பார்ப்பார்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை: இரண்டு மணி நேரம் வேண்டாம், இருபது நிமிடம் போதும். அதிலும் கிரிக்கெட் பழக்கத்தில் எது இங்கே உதவும், எது உதைக்கும் என்பதை மட்டும் காட்டுங்கள். பந்து அவனைப் பயமுறுத்தாது. பேஸ்பால் பந்து சுமார் 142 முதல் 149 கிராம், கிரிக்கெட் பந்தைவிடச் சற்று லேசானது. சுற்றளவுதான் கொஞ்சம் பெரிது. சின்னவர்களுக்குப் பல கேம்ப்களில் இன்னும் மெத்தென்ற பந்தே கொடுப்பார்கள்.

ஆனால் கிரிக்கெட் பையன் அடித்ததும் மட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓடுவான். இங்கே கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். வீசி எறியக் கூடாது, பின்னால் கேட்சர் இருக்கிறான். அடுத்தது, லேட் கட். அப்பா கைதட்டிப் பழக்கிய அந்த அழகான அடி இங்கே ஃபவுல், ஏனென்றால் இரண்டு கோடுகளுக்கு நடுவில் முன்பக்கம் போனால்தான் கணக்கு. அடித்த பிறகு ஓடித் தொட வேண்டிய இடங்களுக்குப் பேஸ் என்று பெயர். முதல் பேஸை மிதித்ததும் நிற்காமல் நேராகத் தாண்டி ஓடலாம் என்பதும் அவனுக்குப் புதிது. இரண்டாவது, மூன்றாவது பேஸில் அப்படித் தாண்டினால் அவுட்டாக்கிவிடுவார்கள். பிடிக்கும்போது, இடுப்புக்கு மேலே வருகிற பந்துக்கு விரல்கள் வானம் பார்க்க வேண்டும், கீழே வந்தால் தரை பார்க்க வேண்டும். இவ்வளவு தெரிந்தால் முதல் நாள் மற்றப் பிள்ளைகள் முன்னால் முழிக்க மாட்டான். மிச்சத்துக்குத்தான் கோச்சுக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள்.

சாப்பாட்டு டப்பாவையும் ஒத்திகை பார்த்துவிடுங்கள். போன கோடையில் ஒரு பையன், நல்ல எவர்சில்வர் டப்பா, சுற்றிலும் நாலு கொக்கி. முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இழுக்கிறான், பல்லால் கடிக்கிறான். யாரையும் கேட்கக் கூச்சம். நான் பார்த்துத் திறந்து கொடுப்பதற்குள் இடைவேளையில் பாதி போய்விட்டது. அவனே திறக்கக்கூடிய டப்பாவில், ஐஸ் பேக்கோடு வையுங்கள். கை முழுக்கச் செம்மண்ணாக இருக்கும், பிசைந்து சாப்பிடும் சாப்பாடு வேண்டாம், ஸ்பூன் போடுங்கள். பல கேம்ப்களில் வேர்க்கடலைக்குத் தடை உண்டு. இட்லிப் பொடியில் கடலை சேர்ப்பவர்கள் அதையும் யோசிக்க வேண்டும். இன்ஹேலர், மாத்திரை ஏதாவது உண்டென்றால் அதற்குத் தனிப் படிவம் இருக்கும். முதல் நாள் காலையில் வரிசையில் நின்றுகொண்டு டாக்டர் கையெழுத்து எங்கே என்று தேடாதீர்கள்.

மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்: இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் உள்ளே கூட்டிப் போக வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறக்க வேண்டும். உங்கள் கேம்ப்பில் மழைக்கும் கடும் வெயிலுக்கும் ஒதுங்க உள்ளரங்கம் இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொண்டால் அவருக்கும் நிம்மதி.

கேள்வி: மகள் இடது கைக்காரி, பத்து வயது. அண்ணனின் பழைய கிளவுஸ் நன்றாகத்தான் இருக்கிறது, அதையே கொடுத்தனுப்பலாமா? கேம்ப்பில் பையன்கள்தான் அதிகமாம், அனுப்பவே யோசனையாக இருக்கிறது.

பதில்: அண்ணன் வலது கையால் எறிபவன் என்றால் கொடுக்காதீர்கள். கிளவுஸ் எறியாத கையில் போடுவது. அவளுக்கு வலது கையில் மாட்டுகிற கிளவுஸ் வேண்டும், கடையில் 'லெஃப்ட் ஹேண்ட் த்ரோ' என்று கேளுங்கள். வாங்குவதற்கு முன் ஒரு பந்தைக் கொடுத்து எறியச் சொல்லிப் பாருங்கள். எழுதும் கையும் எறியும் கையும் எல்லாருக்கும் ஒன்றல்ல. அடிக்கும் பக்கமும் அப்படித்தான்: ஜப்பானிய பேஸ்பால் நட்சத்திரம் ஷோஹெய் ஒதானி வலது கையால் எறிகிறார், இடது பக்கம் நின்று அடிக்கிறார்.

இரண்டாவது யோசனையை விட்டுவிடுங்கள். லிட்டில் லீக் பெண் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது 1974-இல். 2014-இல் மோனே டேவிஸ் என்ற 13 வயதுப் பெண் லிட்டில் லீக் உலகத் தொடரில் எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் பந்து வீசினாள். உங்கள் மகள் இடது கைக்காரி வேறு, பந்து வீசும் பிட்சர் இடத்துக்கும் முதல் பேஸுக்கும் தேடிப் பிடித்து நிறுத்துவார்கள். நீண்ட தலைமுடி என்றால் ஹெல்மெட்டுக்குள் அடங்கும்படி கழுத்தோடு தாழப் பின்னி அனுப்புங்கள், உச்சியில் கொண்டை வேண்டாம்.

கேள்வி: ஏழு வயது மகன் பூங்காவில் பந்து முகத்தில் பட்டு அழுதுவிட்டான். இப்போது பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொண்டு தலையைத் திருப்புகிறான். கேம்ப்புக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. கட்டாயப்படுத்தலாமா?

பதில்: "பயப்படாதே" என்று சொல்லி எந்தப் பிள்ளைக்கும் பயம் போனதில்லை. தலையைத் திருப்புவதால்தான் மறுபடியும் படுகிறது என்பதை அவனாகக் கண்டுபிடிக்க வேண்டும். கிளவுஸைக் கொஞ்ச நாள் பையிலேயே வையுங்கள். காலுறையைச் சுருட்டி, ஐந்தடி தூரத்தில் நின்று, கீழ்க்கையாகப் போடுங்கள். பட்டாலும் வலிக்காது என்று உடம்புக்குத் தெரிந்ததும் கண் திறந்துகொள்ளும். பிறகு டென்னிஸ் பந்து, அப்புறம் அதே டென்னிஸ் பந்து கிளவுஸோடு. பந்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு எண் எழுதி, வரும்போதே என்ன எண் என்று கேட்டால் பையன்கள் போட்டி போட்டுக்கொண்டு பார்ப்பார்கள்.

மட்டை பிடிக்கும்போது பந்து உடம்பை நோக்கி வந்தால் என்ன செய்வது என்பதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகள் பின்னால் சாய்ந்து நெஞ்சைக் காட்டிவிடுகிறார்கள். முன் தோளைக் கேட்சர் பக்கமாகத் திருப்பி, தாடையை நெஞ்சோடு ஒட்டிக் குனிய வேண்டும். முதுகில் பட்டால் வலிக்கும், ஆனால் முகம் தப்பும். வீட்டில் சுருட்டிய காலுறையை அவன் மேல் எறிந்து, திரும்பிக் குனிவதை ஒரு விளையாட்டாகவே ஆடுங்கள்.

கேம்ப் கோச்சிடம் நடந்ததை முன்கூட்டியே சொல்லுங்கள், பையன் காதில் விழாமல். அவன் முன்னால் "இவன் பயந்தாங்கொள்ளி சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் அப்பாக்களைப் பார்க்கும்போது எனக்கு மேசையிலிருந்து எழுந்து போய் ஏதாவது சொல்லத் தோன்றும். மூன்று வாரத்தில் டென்னிஸ் பந்து வரை வந்தாலும் அனுப்புங்கள். கண்ணீர் விட்டு மறுத்தால் இந்த வருடம் விடுங்கள், எட்டு வயதில் தொடங்கியவன் யாருக்கும் பின்தங்கிவிடுவதில்லை.

கேள்வி: மகனுக்குப் பத்து வயது. நன்றாகப் பந்து வீசுகிறான். கேம்ப் முடிந்து வந்ததும் மாலையில் நான் வளைந்து போகும் கர்வ் பால் சொல்லிக்கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை வீசலாம்?

பதில்: கேம்ப் நாட்களில் வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றுகூட வேண்டாம். லிட்டில் லீக் விதிப்படி 9, 10 வயதுப் பிட்சர் ஒரு நாளில் 75 பந்துக்குமேல் வீசக் கூடாது. 66 அல்லது அதற்குமேல் வீசிவிட்டால் நாலு நாள் ஓய்வு. அது ஆட்டக் கணக்கு மட்டும். கேம்ப்பில் பேஸுக்குப் பேஸ் எறிகிற ஒவ்வொரு எறியும் அதே முழங்கையிலிருந்துதான் போகிறது, அதை யாரும் எண்ணுவதில்லை.

கர்வ் பாலைத் தள்ளிப் போடுங்கள். 12 வயது வரை நேர்ப்பந்தும், அதே கைவீச்சில் வேகம் குறைத்துப் போடும் சேஞ்ச்-அப்பும் போதும் என்பதுதான் இங்கே சிறுவர் பிட்சர்களுக்குத் தரும் வழிகாட்டல். இந்த வயதில் முழங்கை எலும்பின் நுனி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற குருத்தெலும்பு. திரும்பத் திரும்ப இழுபட்டால் அங்கேதான் முதலில் அடிபடும். எறியும் கையின் உள்பக்க முழங்கை வலிக்கிறது என்று அவன் சொன்னால் ஐஸ் வைத்து மறுநாளும் அனுப்பாதீர்கள். எறிவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். அவன் சொல்லாமலும் இருக்கலாம், அப்பாவுக்கு ஏமாற்றமாகிவிடுமே என்று. பல் தேய்க்கும்போது கை மாற்றிக்கொள்கிறானா என்று ஒரு கண் வைத்திருங்கள்.