இரவு வேலையும் தீராத அசதியும்

கேள்வி: எனக்கு வயது 41. பிறையில் வசிக்கிறேன். கடலுக்கு அப்பால் பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸின் மின்னணுத் தொழிற்சாலையில் 2 வாரம் பகல், 2 வாரம் இரவு என மாறி மாறி வேலை செய்கிறேன். இரவு வேலை மாலை 7 முதல் காலை 7 வரை. மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பி, சமைத்து, துணி துவைத்து 11 மணிக்குப் படுத்தால் பிற்பகல் 3 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. எந்நேரமும் அசதி, எடையும் கூடுகிறது. அம்மாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. சத்து மாத்திரை எடுத்தால் சரியாகுமா?

பதில்: சத்து மாத்திரை இந்த அசதியைத் தீர்க்காது, சகோதரி. உங்கள் வயதில் நாளொன்றுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை. உங்களுக்குக் கிடைப்பதோ 4 மணி நேரம்.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறிய நரம்புத் தொகுதி, கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு உடலின் பகல் இரவைத் தீர்மானிக்கிறது. இருட்டியபின் மெலடோனின் என்னும் தூக்க ஹார்மோனின் சுரப்பு கூடித் தூக்கம் வருகிறது. விடிந்ததும் அது குறைகிறது. நீங்கள் காலை வெயிலில் பினாங்குப் பாலத்தைக் கடந்து வந்து, வீட்டு வேலைகளையும் முடித்துப் படுக்கும்போது, உடல் உங்களை விழிக்கவைக்கும் நேரத்தில் நீங்கள் தூங்க முயல்கிறீர்கள். 2 வாரத்தில் உடல் ஓரளவு பழகத் தொடங்கும்போது பகல் வேலை வந்துவிடுவதால், அது எந்த நேரத்துக்கும் முழுமையாகப் பழகுவதில்லை.

எடை கூடுவதற்கும் இதில் பங்கு உண்டு. இரவில் இன்சுலின் மந்தமாக வேலை செய்வதால், பகலில் உண்ணும் அதே நாசி லெமாக்கை அதிகாலை 3 மணிக்கு உண்டால் இரத்தத்தில் சர்க்கரை அதிகம் ஏறும். போதாக்குறைக்கு, தூக்கம் குறைந்தால் பசியும் இனிப்பு நாட்டமும் கூடும். முக்கிய உணவை வேலைக்குக் கிளம்புமுன் உண்ணுங்கள். நள்ளிரவுக்குப் பின் முட்டை, பழம், கடலை போன்றவற்றைச் சிறிதளவு உண்டால் போதும். தே தாரேக்கும் காப்பியும் வேலையின் முற்பாதியோடு நிற்கட்டும், ஏனெனில் அவற்றிலுள்ள காஃபினில் பாதி உடலிலிருந்து வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

தூக்கக் குறைவு தெளிவாகத் தெரிந்தாலும், எல்லாவற்றையும் அதன் மேல் போட்டுவிடக்கூடாது. அருகிலுள்ள அரசு கிளினிக்கில் இரத்தச் சோகை, தைராய்டு, இரத்த அழுத்தம், 3 மாதச் சராசரிச் சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு இனிப்பு நீர் இருப்பதாலும், இந்நாட்டில் இந்தியர்களிடையே அந்நோய் மிகுதி என்பதாலும் கடைசிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். மாதவிலக்கில் இரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலோ, தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுவதாக வீட்டார் சொன்னாலோ அதையும் மருத்துவரிடம் கூறுங்கள்.

அடுத்து நான் சொல்வதை உங்கள் வீட்டாரும் படிக்க வேண்டும். இரவு வேலை வாரங்களில் காலைச் சமையலும் துவைப்பும் உங்கள் பொறுப்பாக இருக்கவே கூடாது. வந்ததும் குளித்து, சிறிது உண்டு, 8.30 மணிக்குள் இருட்டாக்கிய அறையில் படுங்கள். கைப்பேசி அறைக்கு வெளியே இருக்கட்டும். நடுவில் விழிப்பு வந்து தூக்கம் போதாவிட்டால், மாலை 4 மணியளவில் இன்னும் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுச் செல்லலாம். வீட்டில் இதைப் பேசிச் சம்மதம் பெறுவது எளிதல்ல என்பதை அறிவேன். ஆனால் வேறு எந்த மருந்தும் இந்த அளவு பலன் தராது. தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கி உண்ண வேண்டாம்.

எனக்கு மிகுந்த கவலை தருவது உங்கள் மோட்டார் பயணம்தான். பிற்பகல் 3 மணிக்கு விழித்த நீங்கள், காலையில் வண்டியை எடுக்கும்போது 16 மணி நேரம் விழித்திருக்கிறீர்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் கவனத்துக்கு ஒப்பாக மங்குவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. மலேசியாவில் 2020 முதல் வாகனமோட்டிகளுக்குச் சட்டம் வைத்துள்ள வரம்பும் அதுவே. 13 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பினாங்குப் பாலத்தில் கண் சொக்கினால் ஒதுங்கி ஓய்வெடுக்க வசதி இல்லை. ஆகவே தொழிற்சாலைப் பேருந்து இருந்தால் இரவு வேலை வாரங்களில் அதிலேயே சென்று வாருங்கள். இல்லாவிட்டால், கிளம்புமுன் தொழிற்சாலையிலேயே 20 நிமிடம் கண்ணயர்ந்து, தூக்கக் கலக்கம் தெளிந்தபின் வண்டியை எடுங்கள். ஒரு மாதம் இவ்வாறு செய்தும் வண்டியோட்டும்போது கண் சொக்குமானால், பரிசோதனை முடிவுகளோடு மருத்துவரைப் பார்த்து, பகல் வேலைக்கு மாற்றப் பரிந்துரைக்கும் கடிதம் கேளுங்கள்.