அரியர் வந்தால் வீட்டில் சொல்லலாமா? கல்லூரிக்குப் புதிதாக வருகிறவர்களின் கேள்விகள்

மதுரையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பதினாறு வருஷமாகக் கணிதம் நடத்துகிறேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான்தான். சேர்ந்த அன்று “எச்.ஓ.டி.யைப் பாருங்க” என்றார்கள். அது துறைத் தலைவர் என்று தெரியாது. கேட்கவும் கூச்சம். அரை மணி நேரம் வராண்டாவில் நின்றேன். அந்தக் கூச்சத்தில் உங்களில் ஒருவரும் நிற்கக் கூடாது. வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

பி.எஸ்சி. கணிதம் எய்டடிலும் இருக்கு, எஸ்.எஃப்.லயும் இருக்குங்கிறாங்க சார். எதுல சேரணும்? (மேலூர் மாணவி)

எய்டட் என்றால் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, அதனால் கட்டணம் குறைவு. எஸ்.எஃப். என்பது சுயநிதி. சம்பளம் உங்கள் கட்டணத்திலிருந்து போவதால் தொகை கூடும். ஒரே வளாகத்தில் இரண்டும் நடக்கும். சில இடங்களில் ஒன்று காலை ஷிப்ட், மற்றது மதியம். பட்டச் சான்றிதழில் வித்தியாசம் இருக்காது. அதனால் எய்டட் கிடைத்தால் யோசிக்காமல் சேரும்மா. விண்ணப்பத்தில் இரண்டுக்கும் தனித்தனியாகக் குறிக்கச் சொல்வார்கள். அதைக் கவனிக்காமல் எஸ்.எஃப்.பை மட்டும் டிக் செய்த நல்ல மார்க் பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

ஆட்டானமஸ்னா தனியார் காலேஜுங்களா? (உசிலம்பட்டி, ஒரு தகப்பனார்)

இல்லைங்க ஐயா. தன்னாட்சி என்று அர்த்தம். பாடத்திட்டம், வினாத்தாள், தேர்வு, திருத்துவது எல்லாம் கல்லூரியே செய்துகொள்ளும்; பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் கொடுக்கும். நம் ஊர் அமெரிக்கன் கல்லூரி 1978-லேயே தன்னாட்சி பெற்றது. ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரியும் தன்னாட்சிதான், அது அரசுக் கல்லூரி. மற்ற இணைப்புக் கல்லூரிகளுக்குக் காமராசர் பல்கலைக்கழகமே தேர்வு வைக்கும்.

மேஜர் கணிதம் எடுத்தா மறுபடி தமிழும் படிக்கணுமா சார்? (திருமங்கலம் மாணவர்)

படிக்கணும் தம்பி. பார்ட் ஒன்று தமிழ், பார்ட் இரண்டு ஆங்கிலம், பார்ட் மூன்றில்தான் உங்கள் முதன்மைப் பாடமான மேஜரும் அதற்குத் துணையான அலைடும் வரும். அலைடை ஒப்புக்குப் படிக்காதீர்கள், கணித மாணவர்கள் பலர் அங்கேதான் விழுகிறார்கள். கிரெடிட் என்பது ஒரு பேப்பரின் எடை. 5 கிரெடிட் பேப்பரில் பத்துக்கு 8 புள்ளியும், 2 கிரெடிட் பேப்பரில் 6 புள்ளியும் வாங்கினால், 40-ம் 12-ம் சேர்ந்து 52. அதை 7-ஆல் வகுத்தால் 7.43. மூன்று வருஷத்துக்கும் இப்படிப் போட்டால் வருவதுதான் சி.ஜி.பி.ஏ.

மாட்டுத்தாவணியில அப்பாவுக்குப் பூக்கடை. காலைல நான் நிக்கணும். அட்டெண்டன்ஸ் என்னாகும்?

75 சதவீதம் வேண்டும். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 68 நாள் வந்தாக வேண்டும். கைவசம் 22 நாள்தான், அதில் காய்ச்சலும் கல்யாணமும் அடக்கம். 65-க்கு மேல், 75-க்குக் கீழ் என்றால் பல கல்லூரிகளில் காரணம் எழுதிக் கொடுத்து, வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கண்டோனேஷன் கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம். அதற்கும் கீழே போனால் சிக்கல். மதிய ஷிப்ட் உள்ள கல்லூரியாகப் பாருங்கள் தம்பி. முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறும்போது அப்பாவுக்குக் கை தேவைப்படும், அது எனக்கும் தெரியும். வகுப்பாசிரியரிடம் முதல் வாரமே சொல்லி வையுங்கள். செமஸ்டர் முடியும்போது வந்து சொன்னால் அவர் கையிலும் ஒன்றும் இருக்காது.

அரியர் வந்தா வருஷம் வீணாகுமா? வீட்ல சொல்லலாமா? (வாடிப்பட்டி)

வீணாகாது. ஒரு பேப்பரில் தேறவில்லை, அவ்வளவுதான். அடுத்த செமஸ்டருக்குப் போய்க்கொண்டே அந்த ஒரு பேப்பரை மட்டும் மறுபடி எழுதலாம். பல இடங்களில் கல்லூரி வகுப்பிலேயே போடும் இன்டர்னல் 25, செமஸ்டர் கடைசித் தேர்வான எக்ஸ்டர்னல் 75. இன்டர்னல் மதிப்பெண் பெரும்பாலும் அப்படியே நிற்கும். மதிப்பெண்ணில் சந்தேகம் என்றால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்து மறுமதிப்பீடு கேட்கலாம். அதற்குக் கொடுக்கும் நாட்கள் மிகக் குறைவு.

வீட்டில் அவசியம் சொல்லுங்கள். எனக்கு இரண்டாம் செமஸ்டரில் அலைடு இயற்பியல் போயிற்று. அப்பா இரண்டு ஆடுகளை விற்றுக் கட்டிய கட்டணம். மார்க் ஷீட்டை அரிசிக் குதிருக்குப் பின்னால் சொருகி வைத்தேன். அரியர் தேர்வுக் கட்டணம் கட்டும் தேதி வந்தது. பணம் கேட்டால் காரணம் சொல்ல வேண்டுமே என்று கேட்கவில்லை. தேதி போய்விட்டது. அந்த ஒரு பேப்பருக்காக மேலும் ஆறு மாதம் காத்திருந்தேன். கடைசியில் சொன்னபோது அப்பா கேட்டது, “எம்புட்டுப்பா கட்டணும்?” என்று மட்டும்தான்.

சீனியர்கள் ராகிங் செய்வாங்களா அண்ணே?

தமிழ்நாட்டில் 1997-லிருந்தே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பெயர் கேட்பதும் ஊர் கேட்பதும் பழக்கம் பிடிப்பதற்காக. பாடச் சொல்லி, ஆடச் சொல்லி, சாதி கேட்டு மட்டம் தட்டினால் அது ராகிங். துறைத் தலைவரிடம் சொல்லுங்கள், அல்லது 1800-180-5522 என்ற யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) இலவச எண்ணில் பேசுங்கள்.

சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துடணுமா? மாசம் ஆயிரம் ரூபாய் எப்படி வாங்குறது? (அலங்காநல்லூர், ஒரு அம்மா)

டி.சி. கல்லூரியில் இருக்கும். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசி 2018-லேயே சொல்லியிருக்கிறது. எல்லாவற்றிலும் ஐந்து ஜெராக்ஸ் போட்டு வையுங்கள் அம்மா. ஆயிரம் ரூபாய்க்கு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மகள் என்றால் புதுமைப்பெண் திட்டம், மகன் என்றால் தமிழ்ப் புதல்வன். விண்ணப்பம் கல்லூரி மூலமாகத்தான் போகும். பிள்ளை பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இல்லையென்றால் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.