கேள்வி – பதில்: விடை சொல்ல கணினி இருக்கிறது, கணக்கை யார் எழுதுவது?

கேள்வி: உற்பத்தித் திட்டத்தை நேரியல் திட்டமிடல் கணக்காக (மாறிகளை எண்ணால் பெருக்கிக் கூட்டுவதை மட்டும் வைத்து, வரம்புகளுக்குள் சிறந்த விடை தேடும் கணக்கு) எழுத வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

எது உங்கள் கையில் இருக்கிறது என்பதிலிருந்து. லாபத்தை நீங்கள் நேரடியாக நிர்ணயிக்க முடியாது. எத்தனை மேசை, எத்தனை நாற்காலி செய்வது என்று முடிவெடுக்கலாம். அவைதான் மாறிகள்: மே, நா.

ஒரு மேசைக்கு 2 பலகை, 1 மணி நேர வேலை, லாபம் 5. ஒரு நாற்காலிக்கு 1 பலகை, 2 மணி நேரம், லாபம் 4. இருப்பு 40 பலகை, 50 மணி நேரம். அப்படியானால்:

5மே + 4நா: இதுவே குறிக்கோள் சார்பு, இயன்றவரை பெரிதாக வேண்டும்
2மே + நா ≤ 40
மே + 2நா ≤ 50
மே, நா ≥ 0

கடைசி வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உகந்த விடை என்று ஒன்று இருந்தால், இங்கே அது ஏற்புடைய பகுதியின் (எல்லா நிபந்தனைகளுக்கும் பொருந்தும் விடைகளின் பரப்பு) ஏதாவது ஒரு மூலையில் கிடைத்தே தீரும். (20, 0), அதாவது 20 மேசை, 0 நாற்காலி என்ற மூலையில் லாபம் 100, (0, 25)-லும் 100, (10, 20)-ல் 130. ஜார்ஜ் டான்ட்சிக் 1947-ல் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறை, எல்லா மூலைகளையும் பார்க்காமல் லாபம் கூடும் பக்கமாகவே நகர்ந்து போகும்.

கேள்வி: கூடுதலாக ஒரு பலகை வாங்கலாமா?

நிழல் விலையைப் பாருங்கள்: இருப்பில் ஓர் அலகு கூடினால் லாபம் எவ்வளவு கூடும் என்பதே அது. இந்தக் கணக்கில் பலகைக்கு 2, மணி நேரத்துக்கு 1. ஏற்கெனவே கணக்கிட்ட செலவுக்கு மேல் 2-க்குக் குறைவாகத் தந்தால் போதுமென்றால் வாங்கலாம். ஆனால் பலகை இருப்பு 25-லிருந்து 100 வரை இருக்கும்போதுதான் இந்த விலை செல்லும்.

கேள்வி: விடை பின்னத்தில் வந்தால் முழுமையாக்கிக்கொள்ளலாமா?

ஆபத்து. அந்த 41-வது பலகையை வாங்கியதாகவே வைத்துக்கொள்வோம். விடை 10.67 மேசை, 19.67 நாற்காலி, லாபம் 132. மேலே தள்ளி 11, 20 என்றால் 42 பலகை, 51 மணி நேரம் வேண்டும், இரண்டுமே இல்லை. கீழே இறக்கி 10, 19 என்றால் லாபம் 126, அதாவது பழைய 130-ஐவிடக் குறைவு! சரியான முழு எண் விடை 11, 19, லாபம் 131. மாறிகள் முழு எண்களாக வேண்டும் என்று தொடக்கத்திலேயே குறிப்பிடுங்கள். பெரிய கணக்கில் நேரம் கூடலாம். ஆயிரக்கணக்கில் வரும் எண்களுக்கு மட்டும் பின்னத்தை விட்டுவிடுவதில் பெரிய நஷ்டமில்லை.

கேள்வி: 'ஏற்புடைய தீர்வு இல்லை' என்று மென்பொருள் சொல்கிறது. தவறை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அலகுகளைப் பாருங்கள். ஒரு வரியில் மணியும் இன்னொன்றில் நிமிடமும் கலந்திருக்கும். அடுத்து, ஒன்றோடொன்று மோதும் நிபந்தனைகள். இரண்டிலும் குறைந்தது 15 வேண்டும் என்று ஆர்டர் வந்தால் 45 பலகை தேவை, இருப்போ 40. நிபந்தனைகள் நூற்றுக்கணக்கில் இருந்தால், ஒவ்வொன்றிலும் 'மீறல்' என்று ஒரு மாறியைச் சேர்த்து, அதற்குக் குறிக்கோளில் பெரிய அபராதம் போட்டு ஓட்டுங்கள். எந்த மீறல் பூஜ்ஜியத்துக்கு மேல் வருகிறதோ, அந்த வரியிலிருந்து தேடத் தொடங்கலாம்.

'எல்லையற்றது' என்று வந்தால் வேறு கதை: ஒரு நிபந்தனை விடுபட்டிருக்கும், அல்லது ≤ குறி திரும்பியிருக்கும்.

கேள்வி: எக்செல் சால்வரில் (எக்செலில் இத்தகைய கணக்குகளுக்கு விடை தேடும் கருவி) நேரியல் தன்மை இல்லை என்று பிழை வருகிறதே?

சூத்திரத்தில் எங்கோ 'இஃப்' (IF) அல்லது 'மேக்ஸ்' (MAX) இருக்கும், இல்லையென்றால் இரண்டு மாறிகளைப் பெருக்கியிருப்பீர்கள். "மேசை செய்தாலே 30 தொடக்கச் செலவு" என்பதை 'இஃப்' போட்டு எழுதாதீர்கள். 0 அல்லது 1 மட்டுமே ஆகும் மாறி 'தொ' ஒன்றை வைத்து, மே ≤ 20தொ என்று எழுதி, குறிக்கோளில் 30தொ கழியுங்கள். பலகை 40 இருக்கையில் 20 மேசைக்கு மேல் வராது. ஆகவே 20 போதும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று அங்கே ஒரு கோடி போட்டால், 10 மேசைக்குத் தொ = 0.000001 ஆனாலே போதும். அதைப் பூஜ்ஜியமாகவே எடுத்துக்கொண்டு, தொடக்கச் செலவே இல்லாமல் மேசை செய்யச் சொல்லிவிடும் மென்பொருள்.