ராத்திரி உங்கட நாய் எங்க படுக்கும்?

கேளுங்கோ, சொல்லுறன் – வாசகர் கேள்வி பதில்

அக்கா, நாங்க வெள்ளவத்தையில ஃபிளட்டில இருக்கிறம். எங்கட லெப்ரடோர் பிரவுணிக்கு நாலு வயசு, பிள்ளை மாதிரி. போயாவோட வந்த லோங் வீக்கெண்டுக்கு பெலிஹுல்ஓயா பக்கம் ஆத்தோரமா டெண்ட் அடிச்சுத் தங்கலாமெண்டு மூண்டு இடத்துக்கு கோல் எடுத்தா மூண்டு பேரும் "நாய் எண்டா ஏலாது" எண்டுட்டினம். குடிச்சிட்டு விடிய விடிய கத்துற ஆக்களை விடுறாங்க, வாயில்லாச் சீவனை விடமாட்டாங்களாம். இது என்ன நியாயம்? – வெள்ளவத்தை வாசகி

தங்கச்சி, குடிகாரரைப் பற்றி நீங்க சொன்னதில எனக்கு மறுப்பே இல்ல, நானும் ஒருக்கா கித்துள்கலயில பக்கத்து டெண்ட் ஆக்கள் ஸ்பீக்கரில போட்ட பைலாவை விடிய ரெண்டு மணி வரைக்கும் கேட்டுக்கொண்டு கிடந்தவள்தான். அவங்களையும் விடக்கூடாது, அது வேற கதை. ஆனா நாய் வேண்டாம் எண்ட இடத்துக்காரரைக் கோவிக்க முதல் ஒண்டு யோசிச்சுப் பாருங்கோ, நாயோட கேம்பிங் போற எங்கட ஆக்கள் எல்லாரும் பகலைத்தான் பிளான் பண்ணுறாங்க, ஆத்தில நீந்தும், பந்து பொறுக்கும், ஃபோட்டோ வடிவா வரும் எண்டு. ராத்திரி அந்த நாய் எங்க படுக்கும் எண்டு கேட்டா ஒருத்தரிட்டயும் பதில் இல்ல.

உங்கட பிரவுணி பிறந்ததில இருந்து காலி ரோட்டு பஸ் சத்தத்திலயும் கடற்கரை ட்ரெயின் சத்தத்திலயும் தூங்கிப் பழகின பிள்ளை. அதுக்கு அந்தச் சத்தம் பிரச்சினையே இல்ல, காட்டோர அமைதிதான் பிரச்சினை. கீச்சுச் சத்தம் எங்கட காதுக்கு 20 கிலோஹேர்ட்ஸோட சரி, நாய்க்கு 45 கிட்ட வரைக்கும் கேக்கும், நீங்க குறட்டை விட்டுக்கொண்டு கிடக்க அது முள்ளம்பண்டி நடக்கிறதையும் எலி ஓடுறதையும் ஒவ்வொண்டா எண்ணிக்கொண்டு கிடக்கும். இடையில இருக்கிறது சுவர் இல்ல, ஒரு மெல்லிய துணி. அது குலைக்காம வேற என்ன செய்யும் சொல்லுங்கோ, பாவம். வெளியில கட்டிப்போட்டா இன்னும் மோசம், மலையகத்தில தோட்டப்பக்கம் லயத்து நாயைச் சிறுத்தை தூக்கிட்டுப் போறதெல்லாம் அங்க இருக்கிற சனத்துக்குப் புதுக்கதை இல்ல. உடவளவை, வஸ்கமுவ பக்கமெண்டா யானை. யானையைக் கண்டு குலைச்ச நாய் பிறகு பயந்து ஓடி வாறது நேரா ஓனரிட்டத்தான், பின்னால யாரைக் கூட்டிக்கொண்டு வருது எண்டு அதுக்குத் தெரியாது.

அதுக்காக போகவே வேண்டாம் எண்டு சொல்ல மாட்டன். தனியார் காணியில இருக்கிற இடம், ஓனருக்குச் சம்மதம், மற்ற டெண்டுகள் எட்ட இருக்கு எண்டா தாராளமா கூட்டிப் போகலாம், என்ட கணக்கு அதுதான். ஆனா கோல் எடுத்தவுடன "நாய் விடுவீங்களா" எண்டு கேட்டா யாரெண்டாலும் இல்லையெண்டுதான் சொல்லுவாங்க. நாள் சனி ஞாயிறு இல்லாம பாத்து, "ஒரு லெப்ரடோர் இருக்கு, விசர் ஊசி போட்ட கார்ட் இருக்கு, எந்நேரமும் லீஷ்லதான் இருக்கும், ராத்திரி எங்களோட உள்ள படுக்கும், ஓரத்தில ஒரு இடம் தாங்கோ, ஏதும் உடைஞ்சா காசு தாறம்" எண்டு கேட்டுப் பாருங்கோ. டெண்டுக்குப் பதிலா கதவு பூட்டுற கபானா இருந்தா இன்னும் நல்லம். அதுக்கு முதல் டெண்டை உங்கட ஹோல்ல விரிச்சு ரெண்டு ராத்திரி பிரவுணியோட அதுக்குள்ள படுத்துப் பாருங்கோ, சிரிக்காதீங்கோ, ஹோல்லயே டெண்ட் ஸிப்பைக் கடிச்சுப் பிய்ச்சுக்கொண்டு வெளியில வந்தா உங்கட கேள்விக்கு அதுவே பதில் சொல்லிடும்.

இன்னொண்டு, ரத்தினபுரி, பலாங்கொடை தாண்டிப் போற அந்த ரோட்டில சாப்பாட்டுக்கு இறங்கிறனெண்டு நாயை வானுக்குள்ள பூட்டிப்போட்டுப் போகாதீங்கோ. வெளியில 30 பாகை எண்டா பத்து நிமிசத்தில உள்ளுக்க 40 கிட்ட வந்திடும், நாய்க்கு வேர்த்துக் கொட்டாது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை ஆத்தும். பக், ஷிட்ஸு மாதிரி மூக்குச் சப்பையான நாய் வச்சிருக்கிறவங்க இதை ரெண்டு தரம் வாசிக்கவும்.

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்க தெமட்டகொட. குடும்பத்தோட டெண்ட் போட்டிருந்த இடத்தில பக்கத்து ஆக்கள்ட நாய் அவிழ்த்து விட்டபடி வந்து சோத்துச் சட்டிக்குள்ள வாய வச்சிட்டு. உம்மா சுபஹ் தொழ விரிச்சிருந்த பாயிலயும் ஏறி நிண்டிச்சு. சொன்னா, "அது ஒண்டும் செய்யாது அங்கிள், ஃபிரெண்ட்லி" எண்டு சிரிக்கிறாங்க. நாங்க நாயை வெறுக்கிற ஆக்கள் இல்ல, எங்களுக்கும் ஒரு மரியாதை இல்லையா? – தெமட்டகொட வாசகர்

வ அலைக்கும் ஸலாம் நானா. "அது ஒண்டும் செய்யாது" எண்ட வசனத்தை முதல்ல தடை செய்யணும், நாயைப் பிறகு பாப்பம். நாயின்ட எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தரம் கழுவணும், அதில ஒரு தரம் மண்ணால எண்டு ஷாபி மத்ஹப் எண்ட இஸ்லாமியச் சட்டவழியில இருக்கிறதை எங்கட பக்கத்து வீட்டு உம்மா எனக்குச் சின்ன வயசிலயே சொல்லித் தந்தவ, எங்கட வீட்டு நாய் அவட முத்தத்துக்குள்ள போயிடாம பாக்கிறதுதான் அப்ப எனக்கு வேலை. கொழும்பில மதில் ஒட்டி வாழுற எங்களுக்குத் தெரிஞ்ச விசயம் நாலு மணித்தியாலம் கார் ஓடினவுடன மறந்து போறது எப்பிடி எண்டுதான் எனக்கு விளங்கேல்ல.

சோறு போனதுக்குச் சோறும் மன்னிப்பும் அந்த ஓனர் தந்திருக்கணும். இடத்துக்காரரும் பிழைதான், நாய் வருகுது எண்டு புக்கிங் எடுக்கேக்கையே உங்களுக்குச் சொல்லியிருந்தா நீங்க வேற நாள் பாத்திருப்பீங்க. அடுத்த முறை நீங்களே கேளுங்கோ, "அண்டைக்கு நாயோட யாரும் வாறாங்களா" எண்டு, கேக்கிறதில வெக்கம் ஒண்டும் இல்ல. மதமே வேண்டாம், நாய்க்குப் பயந்த சின்னப் பிள்ளை ஒண்டு அந்த இடத்தில இருந்தாலே லீஷைக் கழட்டக்கூடாது.

ஹோட்டன் சமவெளிக்கு எங்கட பொமரேனியனைக் கூட்டிப் போகலாமா? சின்ன நாய், பேக்குக்குள்ள வச்சாலே தெரியாது. – வத்தளை வாசகர்

கூடாது தம்பி. பேக்குக்குள்ள வச்சாலும் கூடாது. அது 1988ல இருந்து தேசிய பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்தின்ட பூங்கா எதுக்குள்ளயும் வீட்டு மிருகம் கொண்டு போக ஏலாது. நாய் சின்னனா பெரிசா எண்டது இங்க விசயமே இல்ல, அதுட்ட இருந்து போற வருத்தம்தான் விசயம். 1994ல ஆபிரிக்காவில செரெங்கெட்டியில நாய்களுக்கு வாற டிஸ்டெம்பர் வைரஸ் சிங்கங்களுக்குப் பரவி ஏறக்குறைய ஆயிரம் சிங்கம், அதாவது மூண்டில ஒரு பங்கு, செத்துப்போச்சு. எங்கட சிறுத்தைக்கு அந்த அளவு தொகையே இல்ல. பொமரேனியனை அம்மா வீட்டில விட்டிட்டு நிம்மதியா அங்க இருக்கிற 'உலக முடிவு' மலைவிளிம்பைப் பாத்திட்டு வாங்கோ, அந்த மயிருக்கு வத்தளை வெயிலே காணும், மலை ஏத்தம் வேறயா.

கேம்ப் சைட்டில ஊர் நாய்கள் சுத்துதே அக்கா, அதுகளை மட்டும் விடுறாங்களே? – கொட்டாஞ்சேனை வாசகி

அதுகள் விருந்தாளி இல்லையம்மா, வீட்டுக்காரர். பண்டி வந்தாலும் ஆள் வந்தாலும் முதல்ல சொல்லுறது அதுகள்தான், அனேகமான இடத்துக்காரர் அதுக்காகத்தான் சோறு வைக்கிறாங்க. உங்கட நாய் போனா அதுகளுக்குக் கோவம் வரத்தான் செய்யும், அது அதுகள்ட எல்லை. சண்டையை விலக்கப் போய்க் கடி வாங்கினா ஓடுற தண்ணியில சவுக்காரம் போட்டு 15 நிமிசம் கழுவுங்கோ, மணிக்கூட்டைப் பாத்துக் கழுவுங்கோ, பிறகு நேரா அரசாங்க ஆஸ்பத்திரி, ஊசி இலவசம். மஞ்சள் தூள், கோப்பித் தூள் வைத்தியமெல்லாம் வேண்டாம்.

BBQ எண்டு சொல்லி நாங்க சுட்ட கோழி எலும்பை உங்கட நாய்க்கும் போடாதீங்கோ, ஊர் நாய்க்கும் போடாதீங்கோ, சுட்ட எலும்பு ஊசி மாதிரி உடைஞ்சு குடலைக் குத்தும். என்ட பழைய நாய் அப்பிடி ஒண்டை முழுங்கி, பிக்னிக் போன இடத்தில இருந்து டொக்டரைத் தேடி ஓடினது எனக்கு இப்பவும் மறக்கேல்ல, எலும்பைப் போட்டதும் நான்தான்.

கடைசியா உண்ணியும் அட்டையும். திரும்பி வந்த அண்டைக்கே நாயின்ட காது மடல், விரலிடுக்கு, அக்குள் எல்லாம் விரலால தடவிப் பாருங்கோ, நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் இங்க சாதாரணமா வாறது. ஓடைத் தண்ணி குடிக்க விடாம வீட்டுத் தண்ணி கொண்டு போங்கோ, குடிக்கேக்க மூக்குக்குள்ள அட்டை ஏறிடும், பிறகு நாளைக்கணக்கா உள்ளுக்கயே இருக்கும். வந்து நாலைஞ்சு நாளைக்குப் பிறகும் தும்மிக்கொண்டே இருந்து ஒரு மூக்குத் துவாரத்தால மட்டும் ரெத்தம் வந்தா அதுவா இருக்கலாம், நீங்க பிடிச்சு இழுக்காம மிருக டொக்டரிட்ட கொண்டு போங்கோ, ஓடையில தண்ணி குடிச்சது எண்டதையும் மறக்காம சொல்லுங்கோ.